கடலிடம் சொல்லிக்கொண்டது

எட்டு வயதில் தெரியாமல் சொன்ன ஒரு சொல், சொன்னவளைக் கட்டுமா? சொல்லி இருபது வருஷமாகியும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. நாகப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் பெரியம்மா, அந்த அலையில் தன் ஒரே மகளைப் பறிகொடுத்திருந்தார். என்னைவிட ஒரு வயது மூத்தவள்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். உடல் கிடைக்கவில்லை. அதனால் காரியம் எதுவும் செய்யப் பெரியம்மா சம்மதிக்கவில்லை. பேச்சும் சாப்பாடும் குறைந்துபோய், மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த மாமா, மனசு கொஞ்சம் மாறட்டும் என்று தன் அக்காக்களான பெரியம்மாவையும் அம்மாவையும் அங்கே வரவழைத்தார். நானும் ஒட்டிக்கொண்டேன். குறுவை அறுவடையைச் சொல்லி அப்பா நின்றுவிட்டார். போன இடத்தில்தான் மாமா மூன்று நாள் கப்பல் பயணத்துக்குச் சீட்டு எடுத்திருப்பது தெரிந்தது. கடலுக்குப் பிள்ளையைக் கொடுத்தவளைக் கடலிலேயே கூட்டிப்போய் ஆறுதல் சொல்லலாம் என்று என் மாமாவுக்குத்தான் தோன்றும். அம்மா அவரை அடிக்காத குறையாகத் திட்டினாள். கடைசியில் பெரியம்மாதான், "அவனத் திட்டாதடி. நான் வரேன்" என்றார்.

ஏறிய அன்று எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து உயிர்காப்பு அங்கி கொடுத்தார்கள். பெரியம்மா சிறுவர் அளவில் இரண்டு எடுத்தார். ஒன்றை எனக்கு மாட்டிவிட்டு, இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டார். விசாரிக்க வந்த பணியாளரிடம் மாமா இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்துச் சமாளித்தார்.

மறுநாள் கப்பல் எந்தக் கரையையும் தொடாது. சாப்பிடுவது, சாய்ந்து கிடப்பது, அவ்வளவுதான் வேலை. எங்கள் ஊரில் பகலில் படுத்தால் காய்ச்சலா என்று கேட்பார்கள். அம்மாவால் சும்மா இருக்க முடியாமல், நீச்சல் குளத்தோரம் யார் யாரோ போட்டுவிட்டுப் போன துண்டுகளையெல்லாம் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமா அரைக்கால் சட்டையில் வாயைத் திறந்து தூங்கினார். காற்றே இல்லை. பரம்படித்த நாற்றங்கால் மாதிரி கடல் மட்டமாகக் கிடந்தது. அவ்வளவு பெரிய கப்பல் போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை.

பெரியம்மா அன்று நன்றாகச் சாப்பிட்டார். எனக்கு இரட்டைச் சடை பின்னி நீல ரிப்பன் கட்டினார். அந்த ரிப்பன் அக்காவுடையது என்று எனக்குத் தெரியும். பிறகு, கப்பலுக்குப் பின்னால் நீளும் வெள்ளைத் தடத்தைக் காட்டுகிறேன் என்று என்னைக் கீழ்த்தளத்தின் பின்புறத்துக்கு அழைத்துப்போனார். அங்கே ஒருவரும் இல்லை.

"அக்காவைக் கூப்பிடு பாப்பா. நான் கூப்பிட்டா வரமாட்டா. அன்னிக்குக் காலையில அடிச்சிட்டேன். சொல்லிக்காமத்தான் போனா."

கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காவின் பெயரை மூன்று முறை கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் பெரியம்மா, போனில் எதிர்முனையில் பேசுவதைக் கேட்பவர் போல், தலையைச் சாய்த்து நின்றார். மூன்றாம் முறை "ம், சரி" என்றார். என்னிடம் அல்ல. அப்புறம்தான் என் பக்கம் திரும்பி, "நேரமாச்சு, சொல்லிட்டு வா" என்றார்.

நான் நல்ல பழக்கமுள்ள பிள்ளை. யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்லும்படி அம்மா பழக்கியிருந்ததையே சொன்னேன்.

"அக்கா, போயிட்டு வரேன்."

பெரியம்மா என் கன்னத்தை வழித்து முத்தமிட்டார். அவர் அழவில்லை. கம்பியும் தரையும் வெயிலில் காய்ந்து கிடந்தன. ஆனால் அவர் கை நனைந்திருந்தது.

மாலை டீக்கு உட்கார்ந்தபோது அவரே எல்லோருக்கும் மகிழ்ச்சியாகச் சொன்னார். நான் அக்காவிடம் வருவதாகச் சொல்லியிருக்கிறேனாம். மாமா கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த நேரத்திலிருந்து கப்பலை விட்டு இறங்கும்வரை தன் முந்தானை நுனியை என் மணிக்கட்டில் முடிந்தே வைத்திருந்தாள். பாத்ரூமுக்கும் அப்படியேதான். கேட்காமல் கீழே போனதற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்து வயதில் ஒரு துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது வழக்கம்போல் "வரேன்" என்று வாயெடுத்தேன். அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். சாவு விழுந்த இடத்தில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும், வருகிறேன் என்றால் திரும்ப வர வேண்டியதாகிவிடும் என்று வழியில் சொன்னாள். கப்பலில் நான் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெரியம்மாவுக்கு இந்த வழக்கம் தெரியாதா? தெரிந்தேதான் சொல்லச் சொன்னாரா? அல்லது, மகள் சொல்லாமல் போன அந்தச் சொல்லை ஏதாவது ஒரு பெண்பிள்ளையின் வாயால் கேட்டுவிட்டால் போதும் என்று மட்டும் இருந்ததா?

இப்போது என் மகளுக்கு ஐந்து வயது. சென்னையிலிருந்து கிளம்பும் ஒரு கப்பலில் வீட்டுக்காரர் எங்கள் மூவருக்கும் இடம் போட்டிருக்கிறார். அவருக்கு இதெல்லாம் தெரியாது. சொன்னால், படித்தவள் இப்படிப் பேசலாமா என்பார். நானே என்னை அப்படித்தான் கேட்டுக்கொள்கிறேன்.

பெரியம்மா இப்போது கும்பகோணத்தில் இருக்கிறார். செய்தி தெரிந்து நேற்று போன் செய்தார். எடுத்தவுடன் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"கப்பல்ல போறியாமே கண்ணு. ரொம்ப நாளாச்சுல்ல" என்றார். பிறகு, "குட்டியையும் கூட்டிட்டுத்தானே போற?"

வியாழக்கிழமைக்குள் சொன்னால் பயணத்தை ரத்து செய்யலாம். அப்படிச் செய்தால் என் பயத்தைப் பிள்ளைக்கும் கொடுத்தவளாவேன். செய்யாவிட்டால் என்ன ஆவேன் என்று தெரியவில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள உங்கள் பக்கத்தில் ஏதாவது முறை உண்டா? பிள்ளை பெற்றவர்கள் யாராவது எழுதுங்கள். அவளை நான் கப்பலில் ஏற்றலாமா?