சிவப்பு மையில் அடித்த வரி

எண்பதுகளின் கடைசியில், நான் வாழ்க்கைப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் நடந்தது இது. பிறந்த ஊர் ராஜபாளையம்.

அந்த வீட்டில் ஒரு பழைய நோட்டு உண்டு. என் அத்தையின், அதாவது மாமியாரின், மாமனார் கைப்பட எழுதியது. புளிக்காய்ச்சல், பிரசவ லேகியம், பேதிக்குக் கஷாயம் எல்லாம் அதில் இருக்கும். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பார்கள். அத்தைக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துச் சொல்வேன். அந்த லேகியத்தில்தான் நானும் தேறினேன். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். சளியில் மூக்கடைத்து, பால் குடிக்க முடியாமல் அழுதாள். நோட்டைப் புரட்டினேன். 'கைக்குழந்தை மூக்கடைப்புக்கு, தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்து மூக்கில் இரண்டு சொட்டு.' நான் வாசித்தேன், அத்தை விட்டார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை மூச்சுக்குத் திணறினாள். உதடு நீலமாகிவிட்டது.

அத்தை வாசலை மறித்துக்கொண்டார். "எங்கட்டி தூக்கிட்டுப் போற? மருந்து வேலை செய்யுது. அவிய எழுதுனது தப்பாது."

அவரைத் தள்ளிவிட்டு, செருப்புகூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். "பச்சப்பிள்ளை மூக்குல கற்பூரம் விடலாமாம்மா? இன்னும் செத்த நேரம் போயிருந்தா பிள்ளை இல்ல" என்றார் நர்ஸ். மூன்று நாள் கழித்துத்தான் வீட்டுக்கு விட்டார்கள். வாசித்தவளே நான், யாரைப் போய்த் திட்டுவது?

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். கீழே, 'இதைச் செய்யாதீர்கள், என் பிள்ளை சாகக் கிடந்தாள்' என்று எழுதி என் பெயரையும் போட்டேன். எழுதியதை அத்தைக்குச் சத்தமாக வாசித்தும் காட்டினேன்.

வந்ததே அவருக்குக் கோபம். "ராஜபாளையத்துக்காரிக்கு எம்புட்டு திமிரு. அவிய எழுத்துல கோடு போட நீ யாருட்டி?"

"பிள்ளையப் பெத்தவ. யாரு எழுதினாலும் அடிப்பேன்."

மன்னிப்பு கேள் என்றார் கணவர். கேட்கவில்லை. ஆறு மாதம் அத்தை முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று நானும் இருந்துவிட்டேன்.

சில வருஷம் கழித்து நாத்தனாருக்குக் கல்யாணம். அந்த வீட்டில் பெண் கொடுக்கும்போது நோட்டைப் பார்த்து எழுதிய புது நோட்டும் சீரோடு போகும். நாத்தனாரே உட்கார்ந்து எழுதினாள். அந்தப் பக்கம் வந்ததும், "இத விட்டிரவாம்மா? அடிச்சுக் கிடக்கு" என்றாள்.

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை தலையை நிமிர்த்தவில்லை.

"விட்டா உனக்கு எப்படித் தெரியும்? தாத்தா எழுதுனத எழுது. மேல கோட்டைப் போடு. கீழ உங்க மதினி எழுதுனதையும் எழுது, அவ பேரோட."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவுமில்லை. பெரியவர்கள் எழுதியதாயிற்றே என்று அடுத்த பெண்ணுக்கும் அந்த வரியை அப்படியே கொடுத்து அனுப்பியிருந்தால்தான் பாவம், கோடு போட்டதற்காக நான் இன்றுவரை ஒரு நிமிஷம்கூட வருத்தப்பட்டதில்லை.