கூட விழுந்த தோட்டா மருந்து

பதுளைக் கடைவீதியில் நான் நகை வேலை செய்கிறேன். நடுவில் நாலு வருஷம் தோட்டாவும் செய்தேன். பந்தயத்தில் சுடுகிற கைத்துப்பாக்கிக்கான தோட்டா.

அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர்தான் அந்த வேலையைக் கொண்டுவந்தார். துரைமார் வருஷத்துக்கு ஒருமுறை பண்டாரவளையில் கூடி, அட்டையில் வட்டம் போட்டுச் சுட்டுப் போட்டி வைப்பார்கள். கடையில் வாங்கும் தோட்டா ஒன்றைப் போல ஒன்று இருப்பதில்லை என்பது அவர் குறை. மருந்து ஒரு நெல் எடை மாறினாலும் குண்டு வட்டத்தை விட்டு விலகுமாம். பொன் நிறுக்கிற தராசு வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார்.

சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகள் என்னிடம் திரும்பி வரும். அடியில் இருக்கும், அடித்தால் பொறி விடும் பழைய 'கேப்' மூடியைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியது வைப்பேன். மருந்து போடுவேன். அச்சில் ஈயம் வார்த்து எடுத்த குண்டைக் கூட்டின் வாயில் வைத்து, துரை கொடுத்த குறட்டால் இறுக்குவேன். மருந்து டப்பாவைத் திறக்கும் நாளில் பொன் உருக்கும் உமியோட்டில் ஒரு கங்குகூட இருக்கக் கூடாது. மனைவி அடுப்படியிலிருந்து விளக்கோடு வந்துவிடப் போகிறாள் என்று நடுக்கதவைத் தாழிட்டுவிடுவேன். பேச்சில்லாத வேலை. நாலு பேர் முன்னால் வாய் வராத எனக்கு அது பிடித்திருந்தது.

முதல் மூன்று வருஷம் கறுப்பு மருந்துதான். அளந்து போட்டதும் கூடு நிரம்பிவிடும். மேலே குண்டு உட்காரத்தான் இடம். கூடப் போட நினைத்தாலும் முடியாது. நாலாம் வருஷம் துரை புது மருந்து கொண்டுவந்தார். சாம்பல் நிறம், சிறு சிறு செதில். புகையே வராது என்றார். ஒரு ஈயத் துண்டை வெட்டி என் தராசுத் தட்டில் வைத்தார்.

"இதுதான் அளவு. கூட வேணாம், கொறைய வேணாம். வெளங்குதா?"

"வெளங்குது துரை."

வெளங்கத்தான் செய்தது. ஆனால் என் கடை வாசலில் நிற்கிற எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். கூட விழுந்ததற்காக அவர்களில் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பாதி வேலை முடிந்திருந்தது. இன்னும் இரண்டு டஜன் பாக்கி இருக்கும்போதே துரையின் பங்களா அப்பு பெட்டியை வாங்க வந்துவிட்டார். சமையல் முதல் சாமான் எடுப்பது வரை அந்தப் பங்களாவில் எல்லாம் அவர்தான். நல்ல வாய். குந்தி உட்கார்ந்து ஒரு கூட்டை எடுத்து உள்ளே பார்த்தார்.

"என்ன பத்தரே, அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு? மிச்சம் எங்க?"

"அளவு அவ்வளவுதான்."

"தாய்ப் பொன்னுலயே மாப்பொன் எடுக்கிற கையாச்சே! தொர மருந்த மட்டும் விட்டுருமா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். வாசலில் தோடு வாங்க நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். எங்கள் சாதியில் பிறந்தவன் அந்தப் பழமொழியைக் கேட்காமல் வளர முடியாது. நான் யாருடைய பொன்னிலும் ஒரு பொட்டு எடுத்தவனில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தராசைத் தூக்கி அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்து, மருந்துத் தட்டு கீழே இறங்கும் வரை போட்டேன்.

"போதுமா?"

"இன்னும் ஒரு சிட்டிகை விழட்டுமே."

போட்டேன். அந்த இரண்டு டஜனுக்கும் அப்படியே போட்டேன். கோபமாக இல்லை. வாயால் சொல்ல முடியாததைக் கை சொல்லிவிட்டது போல மனசு நிறைந்திருந்தது. செய்து முடித்ததெல்லாம் ஒரே பெட்டியில் கலந்து அப்பு கையில் போனது.

இரண்டு நாள் கழித்து, பக்கத்துக் கடை முஸ்லிம் நானாவிடம் புது மருந்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். அவர் ஆணி, விளக்கு விற்பதோடு லைசென்ஸ் வைத்து வெடிமருந்தும் விற்கிறவர். நான் சொல்லச் சொல்ல, குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"கூடப் போட்டீங்களா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

விரல் நுனியில் காட்டினேன்.

"யா அல்லா! கறுப்பு மருந்து தள்ளும் பத்தரே, இது அறையும். எடம் இருக்குன்னு சோறு போடுற மாதிரி போடலாமா? கை போயிருமே!"

"யார் கை?" என்று கேட்டேன். எதற்கு அப்படிக் கேட்டேன் என்று இன்றும் தெரியவில்லை.

மறுநாள்தான் போட்டி. ரயில் பாதை அப்போது பண்டாரவளை வரைதான், பதுளைக்கு வரவில்லை. அங்கே சரக்கு ஏற்றப் போகும் காலி மாட்டு வண்டியில் விடியுமுன் ஏறினேன். ஏற்றத்தில் வண்டி ஊர்ந்தது. பொறுக்க முடியாமல் பாதி வழியில் இறங்கி நடந்தேன். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். "துரை, மருந்து கூட விழுந்திருச்சு."

மைதானத்தில் கூடாரம் போட்டிருந்தார்கள். துரைமாரும் துரைசாணிகளும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் அப்பு கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"தட்டான் கூடப் போட்டுட்டான்னு போய்ச் சொல்லவா? எனக்குப் பைத்தியம்னு கட்டி வச்சிருவாங்க."

"சிரிக்காதீங்க அப்பு. துரை கை போயிரும்."

அவர் முகம் மாறியது. கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தார். "சுடும்போது கூப்பிட்டா என் வேல போயிரும். போட்டது நீங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க."

துரை முப்பதடி தூரத்தில் முதுகைக் காட்டி நின்றிருந்தார். கத்தினால் கேட்கும். நான் கத்தவில்லை. முதல் வெடி வெடித்தது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டு, மூன்று. துப்பாக்கியில் இருக்கிற ஆறு தோட்டாவும் முடிந்ததும் திரும்புவார், அப்போது சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது சத்தம் வேறு மாதிரி இருந்தது.

துப்பாக்கியில் தோட்டாவுக்கு மேலே இருந்த இரும்புப் பட்டை பிய்ந்து போயிருந்தது. துரையின் வலது கைக் கட்டைவிரல் தோலில் தொங்கியது. மேசை விரிப்பைக் கிழித்துச் சுற்றினார்கள். அப்பு தண்ணீர்க் குடத்தோடு ஓடினார். மற்றத் துரைமார் துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கறுப்பு மருந்துக் காலத்து இரும்பு, பழசு, தாங்கவில்லை என்று பேசிக்கொண்டார்களாம். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் வந்த வழியே நடந்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் துரை என் கடைக்கு வந்தார். கையில் கட்டைவிரல் இருந்த இடத்தைத் துணி மூடியிருந்தது. பித்தளைக் கூடுகளை இடது கையால் என் முன்னே கொட்டினார்.

"இனி இந்தக் கையாலே சுடுவேன். அந்தத் துப்பாக்கி பழசு. உன் தராசு சரி. எனக்கு நம்பிக்கை."

பின்னால் நின்ற அப்பு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மீதி மருந்தை எடுத்தேன். துரை வெட்டிக் கொடுத்த ஈயத்தை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் அன்று போட்டது போலவே போட்டேன். மருந்துத் தட்டு கீழே இறங்கி நின்றது.

"அன்னைக்கு இப்படித்தான் போட்டேன் துரை. ரெண்டு டஜன். போட்டி அன்னைக்கு மைதானத்துக்கும் வந்தேன். சொல்லல."

அவர் குனிந்து தட்டைப் பார்த்தார். "ஏன் கூடப் போட்ட?"

"கொறச்சுப் போட்டேன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாதுன்னு."

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியாது. ஈயத் துண்டை எடுக்கப் பார்த்தார். இடது கைக்கு அது அகப்படவில்லை, இரண்டு தரம் நழுவியது. நான் எடுத்துக் கொடுத்தேன். அச்சையும் குறட்டையும் டப்பாவையும் அப்பு பொறுக்கிக்கொண்டார். அதன் பிறகு அவர்கள் இருவரும் என் வாசலுக்கு வரவில்லை.

அன்றிலிருந்து என் தராசு முள் நடுவிலேயேதான் நிற்கிறது. யாருக்கும் எந்தப் பக்கமும் சாய விடுவதில்லை. போன வாரம் பழைய பொன்னைக் கொடுத்து மூக்குத்தி செய்யச் சொன்ன பெண், செய்து முடித்ததை நான் நிறுக்கும்போது குனிந்து பார்த்தாள்.

"ஒரு பொட்டுகூடச் சாய விட மாட்டேங்கிறீங்களே பத்தரே. தட்டானைப் பத்திச் சும்மாவா சொன்னாங்க?"

மூக்குத்தியைத் தாளில் மடித்து அவள் கையில் கொடுத்தேன்.