பன்னம் படிந்த கல்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில் மேசன் வாசற்படிக்குக் கருங்கல் அறுக்கத் தொடங்கியதும் எழுந்த கருகல் மணம் என்னை ஒரு வேலைக்கும் விடவில்லை. உள்ளே போகிறேன், வருகிறேன், மறுபடி போகிறேன். புளியங்குளத்துக்கு அப்பால், இப்போது காடு மூடிவிட்ட எங்கள் கல்லுடைக்கும் குடியிருப்பில் நாள் முழுக்க இந்த மணம்தான், தகரக் கூரைகளில் தெறிக்கும் சல்லிக்கல் சத்தம்தான், மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விரட்டப்பட்டு வந்த பெண்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுத்தியல் ஓங்கும் வரிசைதான். பிளந்த கல்லில், தோட்டத்து ஓடைக்கரையில் சுருண்டு விரியும் பன்னச் செடி கரிய நரம்புகளாய்ப் படிந்திருந்தால் மட்டும் சுத்தியல்கள் நின்றுவிடும். அதை யாரும் உடைப்பதில்லை. மாரியம்மன் கொட்டிலில் சாத்தி மஞ்சள் வைப்பார்கள்.

"ஒடைக்காத புள்ள. நம்ம மலைச் செடி நமக்கு முந்தியே இங்க வந்திருக்கு. இனி நம்மள யாரு போகச் சொல்றது?" என்பாள் அம்மா.

யுத்தத்தில் அங்கிருந்தும் ஓடினோம். அம்மா சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டுவந்த அப்படியொரு கல் என் அலுமாரியில் இருந்தது. பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றிப் படிக்கும் மகள் போன கிழமை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது இலையில்லை அம்மா. வெடிப்புக்குள்ள ஊறின தண்ணி விட்ட கறை. உலகத்தில பன்னம் முளைக்க முந்தியே இந்தக் கல் இருந்தது."

சரியாகத்தான் இருக்கும். அன்றிலிருந்து அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே கொண்டு திரிகிறேன்.

"அக்கா, அந்தக் கல்லையும் தாங்கோ. உடைச்சுப் படிக்குக் கீழ போடுவம்," என்றார் மேசன்.

இத்தனை வருஷமும் வன்னிப் பேச்சே பேசிய என் வாயிலிருந்து அம்மாவின் பேச்சு வந்தது.

"ஒடைக்காதீங்க. நமக்கு முந்தி வந்தது."