இடது பக்கத்து மூட்டைகள்

நாங்கள் கல்லூரியில் படித்தபோது கேசட் தேயத் தேயக் கேட்ட ராக் ஆல்பம் ஒன்றைப் புதுப்பித்து, பெரிய பெட்டியில் போட்டு மறுபடியும் வெளியிடப்போகிறார்கள் என்று சேதி வந்தது. அன்றிலிருந்து எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருத்தருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சென்னை, கோவை, துபாய் என்று சிதறிக் கிடக்கும் ஆட்கள்தான். ஆனால் அந்த ஆல்பத்தின் பேரைச் சொன்னால் போதும், போட்ட வேலையைப் போட்டபடி வந்துவிடுவார்கள். இந்தத் தடவை சரவுண்டில் வருகிறது என்று அடித்துச் சொன்னார்கள். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, நடுவில் நாம்.

அவர்களுக்கு அது ஆசை. எனக்கு வேறு காரணம் இருந்தது. என் இடது காது போகிறதோ என்ற பயம் சில மாதங்களாகவே என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

போடியில் எனக்கு ஏலக்காய் வியாபாரம். ஏலத்தில் சாம்பிள் காயைத் தட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். எல்லோரும் நிறத்தையும் பருமனையும் பார்ப்பார்கள். நான் கூடவே ஒரு பிடி அள்ளி இடது காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பேன், வலது கை விலை கேட்கும் பட்டனில் இருக்கும். நன்றாகக் காய்ந்த காய்க்குள் விதை கலகலக்கும், ஈரம் நின்றால் சத்தம் செத்துக் கிடக்கும். கொஞ்ச நாளாக எந்தக் காயை அள்ளினாலும் எனக்கு ஈரமாகவே பட்டது. மலையில் காய் உலர்த்தும் ஸ்டோர்களில் விறகை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று எஸ்டேட்காரர்களைத் திட்டினேன். போடிமெட்டில் எஸ்டேட் வைத்திருக்கும் என் கல்லூரித் தோழனின் காயைக்கூட ஈரம் என்று தள்ளிவிட்டேன்.  அதற்கப்புறம் அவன் ஃபோன் பண்ணுவது குறைந்துபோனது.

பாட்டுக் கேட்பதும் என் குடோனில்தான். சுவரோரம் சாக்கு மூட்டைகளை அடுக்கிவிட்டால் எதிரொலி இருக்காது. அங்கேயும் இடது பக்கத்து கிட்டார் அமுங்கியே கேட்டது. அந்தப் பக்கம்தான் மூட்டை அதிகம், சத்தத்தை அதுதான் குடிக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். டிவி சத்தம் தெருமுனைவரை கேட்கிறது என்று மனைவி சொன்னபோது ரிமோட் மேல் பழியைப் போட்டேன்.

தேனியில் காது டாக்டர் இருக்கிறார். போகப் பயம். காது மந்தமான பிறகு அப்பா ஏலத்துக்கு வந்தால், அவர் முகத்துக்கு நேராகவே மற்றவர்கள் விலை பேசி முடித்துக்கொண்டதைப் பார்த்தவன் நான். அப்பா சிரித்தபடி உட்கார்ந்திருப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு வந்துவிடக்கூடாது. சரவுண்ட் வரட்டும், இடது பின்பக்க ஸ்பீக்கரில் மட்டும் வருகிற சத்தம் எனக்குக் கேட்டுவிட்டால் காது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், டாக்டரே வேண்டாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

பெட்டியில் என்னென்ன இருக்கும் என்ற அறிவிப்பு வந்தது. தடித்த புத்தகம், போஸ்டர், டீ கிளாஸ் வைக்க அட்டை எல்லாம் உண்டு. சரவுண்ட் மட்டும் இல்லை, பழையபடி இரண்டே ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோதான். குழுவில் பிடித்தது சனி. கோவைக்காரர் ஆர்டரை ரத்து செய்தார். துபாய்க்காரர் இதற்காகவே வீட்டுக் கூரையைக் குடைந்து வயர் இழுத்திருந்தாராம், அவர் எழுதியதை இங்கே எழுத முடியாது. எல்லோரையும்விட நீளமாகப் புலம்பியது நான். ஏலக்காய் விலை சரிந்ததுபோல ஏன் அண்ணே அழுகிறீர்கள் என்று ஒருத்தர் கிண்டல் செய்தார். அவர்களுக்கெல்லாம் கோபம். எனக்கோ காதைச் சோதித்துப் பார்க்க இருந்த ஒரே வழியும் போயிற்று.

என்ன திட்டினாலும் வாங்காமல் இருக்க முடியுமா. போடிமெட்டுத் தோழன் வாங்கிவிட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ரொம்ப நாளைக்கப்புறம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பில் இறங்கி வந்தான். எப்போதும்போல என் வீட்டுக்கென்று ஒரு பொட்டலம் ஏலக்காயும் கொண்டுவந்திருந்தான். முந்தின நாள்தான் லோடு ஏறிப் போயிருந்ததால் குடோன் காலி. இடது பக்கம் ஒரு மூட்டை இல்லை. இனி மூட்டை மேல் பழி போட முடியாது.

பாட்டைப் போட்டான். இடது பக்கம் அப்படியே அமுங்கிக் கிடந்தது.

அந்த ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு என்றேன். அவன் எழுந்துபோய் இரண்டிலும் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ரெண்டும் நன்றாகத்தான் பாடுகிறது என்றான். நான் நாற்காலியைத் தூக்கி மறுபடி போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். இப்போது வலது காதுப் பக்கம் வந்துவிட்ட கிட்டார் கணீரென்று கேட்டது, வலது ஸ்பீக்கரின் பியானோ அமுங்கிவிட்டது. பழையபடி திரும்பி உட்கார்ந்தேன். பியானோ வந்தது, கிட்டார் போனது. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த அமுக்கமும் கூடவே திரும்பியது. சட்டைப் பைக்குள் ஃபோன் அதிர்ந்துகொண்டே இருந்தது, எப்படி இருக்கிறது என்று குழுவில் கேட்கிறார்கள்.

அவன் பாட்டை நிறுத்தினான்.

"எத்தன நாளா மாப்ளே?" என்றான்.

"மூட்டையாலன்னு நெனச்சேன்" என்றேன்.

அவன் பொட்டலத்தைப் பிரித்து ஒரு பிடி ஏலக்காயை அள்ளினான். என் இடது காதோரம் வைத்துக் குலுக்கினான். கை ஆடுவது கடைக்கண்ணில் தெரிந்தது, அவ்வளவுதான். பிறகு சுற்றி வந்து வலது காதோரம் குலுக்கினான். விதைகள் கலகலவென்று ஆடின. அத்தனை நன்றாகக் காய்ந்த காயை நான் அந்த வருஷம் கேட்டதே இல்லை.

"நீ ஈரம்னு தள்ளுன காயிதான் இது" என்றான்.