சகலனின் கடல்

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. தலையில் தண்ணீர் விழுந்தால் வீடே அதிரும்படி கத்துவாள். நாங்கள் இருப்பது நுவரெலியாவில். குளிக்க வெந்நீர் காய்ச்ச வேண்டும், குளித்து முடிந்ததும் துவாயில் சுருட்டிக்கொண்டு குசினி அடுப்படிக்கு ஓட வேண்டும். அவளைக் குளிப்பாட்டுவது என் வேலை. ஒரு கையால் அவள் கண்களைப் பொத்திக்கொண்டு மறு கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவேன். "கையை எடுக்காதீங்கோ அப்பா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். வெளியே சொல்லவில்லை என்றாலும் எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

அந்த ஆகஸ்ட் விடுமுறைக்கு மனைவியின் தங்கை வீட்டுக்குப் போனோம். திருகோணமலையில், பாலையூற்றில் வீடு. கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடிக்கிற காலம். இரண்டு பஸ் மாறி வந்து இறங்கியபோது சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது. கேற்றடியில் தங்கையின் கணவர், என் சகலன், நின்றார். என்னைவிட ஆறு வயது இளையவர். துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்களை இழுத்து வரும் படகில் எஞ்சின் வேலை. சாரம் மட்டும் கட்டியிருந்தார். வெயிலில் கறுத்த அகலமான தோள்.

"வாங்கோ அண்ணன், நல்லா வேர்த்துப்போனீங்கள்" என்று சொல்லி என் இரண்டு பைகளையும் ஒரே கையில் வாங்கினார். மற்றக் கையால் மகளைத் தூக்கித் தோளில் வைத்தார். புது ஆட்களைக் கண்டால் என் காலுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை, அவருடைய தலைமயிரைப் பிடித்துக்கொண்டு மேலே இருந்து என்னைப் பார்த்தாள்.

அடுத்த நாள் காலை எல்லோரும் உப்புவெளிக் கடற்கரைக்குப் போனோம். நான் துவாய்களுக்குக் காவலாக மணலில் உட்கார்ந்தேன்.

"அண்ணன், வாங்கோவன்!"

"இல்லை, எனக்குக் கொஞ்சம் தடிமன்."

சளியும் இல்லை, தடிமனும் இல்லை. எனக்கு நீந்தத் தெரியாது. அதை ஏன் அவரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

மகளைத் தோளில் வைத்தபடியே அவர் நெஞ்சளவு தண்ணீர் வரை நடந்தார். பயப்படாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதைத்துக்கொண்டே போனவர் திடீரென்று அமிழ்ந்தார். அவளும் சேர்ந்து மறைந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் கத்தல் எனக்குத் தெரியும், இதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன். மேலே வந்தவளின் முகம் முழுக்க மயிர் ஒட்டியிருந்தது. ஒரு முறை இருமினாள். பிறகு சிரித்தாள்.

"சித்தப்பா, இன்னொருக்கா!"

சந்தோஷப்பட வேண்டிய தகப்பன் நான். ஆனால் அந்த "இன்னொருக்கா" என் வயிற்றில் போய் எரிந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் எதற்கெடுத்தாலும் சித்தப்பாதான். எங்கள் வீட்டில் மீன் மணத்துக்கே மூக்கைப் பொத்துகிறவள், அவர் முள் எடுத்துக் கொடுத்தால் பாரை மீனைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினாள். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் கேட்டதும் எழுந்து ஓடினாள். மனைவிக்கு ஒரே மகிழ்ச்சி. "பாருங்கோவன், பயம் எல்லாம் தெளிஞ்சு போச்சு" என்றாள். "உப்புத்தண்ணி காதுக்குள்ள போய்ச் சீழ் பிடிக்கப்போகுது" என்றேன். மூன்றாம் நாள் கடற்கரையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் வாசித்தேன். காற்றில் பேப்பர் நிற்கவில்லை. ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் சகலனுக்கு விடியற்காலை வேலை. பத்து மணிக்கு வந்துவிடுவேன், வந்ததும் போகலாம் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எட்டு மணிக்கே அவள் குளிக்கும் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பாண் வாங்கக் கடைக்குப் போய் வந்தேன். வரும்போது அந்தப் பொய் என்னோடு வந்தது.

"இண்டைக்குக் கடலுக்குப் போக ஏலாது" என்றேன். "ஜெல்லிமீன் வந்திருக்காம். கடையில சொல்லினவை. பட்டால் உடம்பெல்லாம் எரியும்."

அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் கதிரையை விட்டு எழும்பவில்லை. பத்தரைக்குச் சகலன் வந்தார். கையில் கிறீஸ் காயவில்லை.

"சித்தப்பா, கடலில ஜெல்லிமீன் இருக்காம். உண்மையே? அப்பா சொன்னவர்."

அவர் அந்த நேரம்தான் கடலிலிருந்து வருகிறார். என்னைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம்.

"ஓம் குஞ்சு, நானும் கண்டனான்" என்றார். "அப்பா சொன்னது சரி. இண்டைக்கு வேண்டாம்." சொல்லிவிட்டு, நித்திரை வருகிறது என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

அன்று முழுவதும் மகள் எனக்கே எனக்கு. டவுனுக்குக் கூட்டிப்போனேன், ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன், கோட்டைப் பக்கம் புல் மேய்கிற மான்களைக் காட்டினேன். ஐஸ்கிறீம் முழங்கை வரை வழிந்தது. துடைத்துவிட்டேன். "சித்தப்பா இப்ப எழும்பியிருப்பாரா?" என்று கேட்டாள். திரும்பி நடக்கும்போதும் அதையே கேட்டாள்.

பின்னேரம் மனைவி என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"தங்கச்சியிட்டக் கேட்டனான். ஒரு ஜெல்லிமீனும் இல்லையாம். ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"கடையில சொல்லினவை."

"எந்தக் கடையில?"

அவள் சண்டை பிடிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாள். "சின்னப் பிள்ளை மாதிரி" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே சகலன் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்பது என்று நினைத்துத்தான் போனேன். கிட்டப் போனதும், "சரியான வெக்கை என்ன" என்றேன்.

"ஓம் அண்ணன்." முன் சில்லைத் தேய்த்து முடித்தார். பிறகு, "ஒண்டு சொல்லட்டே? கோவிக்கக் கூடாது. உங்கட பிள்ளை ஒவ்வொருக்காத் தண்ணிக்கு மேல வரேக்கையும் முதல்ல கரையைத்தான் பாக்கிறா. அப்பா பாத்தவரோ எண்டு என்னட்டக் கேக்கிறா. நேற்று நீங்கள் அங்கால திரும்பி இருந்தீங்கள். பாத்தவர், பாத்தவர் எண்டு நான்தான் சொல்லிச் சமாளிச்சனான்."

நன்றி சொல்ல வேண்டிய இடம் அது. ஆனால் உண்மையைச் சொல்வதானால், அந்த நேரத்திலும் பொறாமைதான் முன்னுக்கு வந்தது. என் பிள்ளை எங்கே பார்க்கிறாள் என்பதைக்கூட இந்த மனிதர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"எனக்கு நீந்தத் தெரியாது" என்றேன்.

"தெரியும் அண்ணன்" என்றார்.

மறுநாள் காலை நானே மகளை எழுப்பி, ஜெல்லிமீன் எல்லாம் போய்விட்டது என்றேன். சகலனிடம் வாங்கிப் போட்ட பழைய காற்சட்டையோடு நானும் தண்ணீருக்குள் இறங்கினேன். இடுப்பளவு வரை தைரியமாகத்தான் போனேன். வந்த அலை பெரிய அலை என்றுகூடச் சொல்ல முடியாது. கால் வழுக்கி விழுந்து, மூக்கு நிறைய உப்புத்தண்ணீரோடு தடுமாறியபோது மகளின் குரல் கேட்டது.

"சித்தப்பா, அப்பாவைப் பிடியுங்கோ! அப்பாவுக்குப் பயம்!"

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மகள் சிரிக்கவில்லை. கிட்ட வந்து தன் சின்னக் கையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அரை மணித்தியாலம் நான் கரைக்குப் போகவில்லை. ஆனால் அவள் அமிழ்ந்து விளையாட விரும்பியபோதெல்லாம் அவர் தோளுக்குத்தான் போனாள். என் தோளில் ஏறவில்லை. ஏற்றியிருந்தால் இரண்டு பேரும் மூழ்கியிருப்போம் என்பது எனக்கும் தெரியும்.

புறப்படும் நாள் பஸ் நிலையத்தில் மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் அவளுடைய கைகளை மெல்லக் கழற்றி என்னிடம் தந்தார். எனக்காக இவள் ஒருநாளும் இப்படி அழுததில்லையே என்று மனைவியிடம் சொன்னேன்.

"நீங்கள் எங்க அவளை விட்டிட்டுப் போனனீங்கள், அழுறதுக்கு?" என்றாள்.

நியாயமான கேள்வி. கந்தளாய் வரை அதை யோசித்துக்கொண்டு வந்தேன். அங்கே பஸ் நின்றபோது, சித்தப்பாவுக்குப் போன் எடுத்துத் தரச் சொன்னாள் மகள். சிக்னல் இல்லை என்றேன். இருந்தது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹபரணையில் நானே அழைப்பெடுத்து மகளின் காதில் வைத்தேன். அவர்கள் கதைத்து முடிக்கத் தம்புள்ளை வந்துவிட்டது.