கஷ்டம் என்ற பொத்தான்

பெருமாநல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் லைன் சூப்பர்வைசர். என் லைனில் பாதி டெய்லர்கள் வடக்கத்திக்காரர்கள். "தீவாளிக்குள்ள இந்தி பேசிப் பழகிக்கோங்க அம்மிணி. இல்லீனா லைனை வேற ஆளுகிட்டத்தான் குடுக்கோணும்" என்றார் முதலாளி. மரியாதையாகத்தான் சொன்னார், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஹெல்பராக நுழைந்து பிடித்த இடம், லேசில் விடுவேனா?

மகள் என் போனில் ஒரு ஆப் ஏற்றிக் கொடுத்தாள். இந்தி வார்த்தை ஒன்றைக் காட்டும். அர்த்தத்தை யோசித்த பிறகு விடையைக் காட்டி, எப்படி இருந்தது என்று கேட்கும். மறந்துவிட்டது, கஷ்டம், சுலபம் என்று மூன்று பொத்தான்கள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் தட்டினேன். வரவர வார்த்தைகள் வருவதே குறைந்துபோனது. இந்தியைக் கரைத்துக் குடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் புதிதாக வந்த பீகார்ப் பெண், டீ-சர்ட்டுக்குக் கழுத்துப்பட்டி வைக்கும்போது துணியை இழுத்து இழுத்துத் தைத்தாள். கழுத்தெல்லாம் நெளிநெளியாக வந்தது. இழுக்காதே என்று சொல்ல வார்த்தை வரவில்லை. கையை ஆட்டினேன், அவள் இன்னும் வேகமாகத் தைத்தாள். முதலாளி பார்த்துக்கொண்டே போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகள் போனை வாங்கிப் பார்த்தாள். "ஏம்மா, எல்லாத்துக்கும் சுலபம்னே அமுத்தி வெச்சிருக்கற?"

"ஒருத்தர் கேட்டா, கஷ்டம்னு மூஞ்சிக்கு நேரா எப்படிக் கண்ணு சொல்றது?"

விழுந்து விழுந்து சிரித்தாள். ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஆப் அளந்து வைக்கிறதாம். அளப்பது என் பதிலை வைத்துத்தான். சுலபம் என்றால் வார்த்தை தள்ளிப்போகும். கஷ்டம் என்றால் சீக்கிரம் திரும்பி வரும். 'இழு' என்பதற்கான 'கீஞ்சோ' தீபாவளியையும் தாண்டித் தை மாதத்துக்குப் போயிருந்தது.

அன்றோடு கூச்சத்தை விட்டேன். கஷ்டம் கஷ்டம் என்று அழுத்தியதில் 'கீஞ்சோ' தினமும் வந்து நின்றது.

லைனில் அடுத்த மாடல் டீ-சர்ட் தைக்கப் போட்டபோது அந்தப் பெண்ணிடம், சுலபமா என்று இந்தியில் கேட்டேன். சட்டென்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியாததா? கஷ்டமென்றால் கஷ்டமென்று சொல் என்றேன், அதையும் இந்தியில்தான். சிரித்துவிட்டுக் கழுத்துப்பட்டியைக் காட்டி "முஷ்கில்" என்றாள். கஷ்டமாம். பக்கத்தில் உட்கார்ந்து, "கீஞ்சோ மத்", இழுக்காதே என்று சொல்லித் தைத்துக் காட்டினேன். கழுத்து அழகாகப் படிந்தது.

பின்னால் முதலாளி நின்றிருந்தார். "லைனை நீங்களே பாருங்க அம்மிணி. இந்தி ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.