ஆல்வினுக்கு ஒரு வார்த்தை

இனி மருந்தால் பயனில்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து ஜெகதீஸ்வரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று அவள் மகள் சிந்துஜா முதலில் போன் செய்தது பிலோமினாவுக்குத்தான்.

"ஆன்டி, அம்மா உங்களையே கேட்டுக்கிட்டு இருக்காங்க. கொஞ்சம் வர்றீங்களா?"

பிலோமினாவுக்கு வயது அறுபத்து நான்கு. சாவை எதிர்பார்த்துக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் பதினைந்து வருடமாகப் போய் வருகிறாள். பினாங் ரோட்டு மாதா கோயிலில் சாமியார் கேட்டுக்கொண்டதால் தொடங்கிய வேலை. உடம்பைத் துடைத்துவிடுவாள், படுக்கை விரிப்பை மாற்றுவாள், மெதுவான குரலில் செபமாலை சொல்வாள். பயந்தவர்களிடம், "இது முடிவில்ல, அங்க நமக்காக ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கார்" என்பாள். அதைக் கேட்டு அமைதியாகக் கண் மூடியவர்கள் உண்டு.

ஆனால் ஜெலுத்தோங் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடிக்கு லிஃப்டில் ஏறியபோது செபமாலையைப் பையிலிருந்து எடுத்து, திரும்ப உள்ளேயே வைத்தாள். மேலே கிடப்பது ஜெகா.

இருவரும் பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, தலைமுடியை விட மெல்லிய கம்பியை ஒட்டும் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, வெளியே தெரிவது கண் மட்டும். சூப்பர்வைசர் வருகிறார், வயிறு பசிக்கிறது, சிரிப்பு வருகிறது, எல்லாவற்றையும் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். சம்பள நாளில் சவ்ராஸ்தா பசாருக்குப் போய் ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கி, பஸ் வருவதற்குள் தின்று தீர்த்துவிடுவார்கள். அந்த இரண்டு இளம்பெண்களும் இப்போது எங்கே போனார்கள் என்று பிலோமினா சில நாள் யோசிப்பதுண்டு.

பிலோமினாவின் மகன் ஆல்வின் பத்தொன்பது வயதில், மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்தான். வந்தவர்கள் எல்லாரும் "ஆண்டவர் சித்தம்" என்றார்கள். ஜெகா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. லீவு போட்டுவிட்டுப் பதினாறு நாள் வந்தாள். காலையில் பிலோமினாவின் தலையை வாரிவிட்டு, இரண்டு வாய் கஞ்சி ஊட்டிவிட்டு, சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது பிலோமினா தினமும் மத்தியானம் போனாள். ஜெகாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி பழைய கதைகளைப் பேசினாள். நாலாம் நாள் ஜெகா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பிலோ, நெசமாவே அங்க ஏதாச்சும் இருக்கா? கோயில் ஆளுங்ககிட்ட சொல்ற மாதிரி சொல்லாத லா. எங்கிட்ட சொல்லு."

பதினைந்து வருடமாகச் சொல்லிப் பழகிய வார்த்தைகளை விட்டுவிட்டு, பிலோமினா எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நான் பார்த்ததில்ல ஜெகா. ஆனா நம்புறேன். ஆல்வினை மண்ணுல வச்ச அன்னைக்கு அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் எழுந்து நின்னேன். இன்னும் கைய விடல."

ஜெகா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

"அப்படின்னா உனக்கு முன்னாடி நான் அவனைப் பார்ப்பேன். என்ன சொல்லட்டும்?"

பிலோமினா அழுதுவிட்டாள். ஆல்வினின் கடைசி நாள் காலையில், நைட் ஷிப்ட் முடிந்து வந்த எரிச்சலில், "உன் மூஞ்சியப் பார்க்கவே புடிக்கல, போடா" என்று அவனைத் திட்டி அனுப்பியதை அன்றுதான் முதல்முறையாக ஒரு மனுஷியிடம் சொன்னாள். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் பலமுறை சொல்லியிருக்கிறாள், மன்னிப்பும் கிடைத்தது. மகனிடம் சொல்லத்தான் ஆளில்லாமல் இருந்தது.

"அம்மா சும்மா சொன்னேன்னு சொல்லு. தூங்காம வந்த கோவம்னு சொல்லு."

"சொல்றேன். அவனுக்கு அது தெரிஞ்சிருக்கும். இருந்தாலும் சொல்றேன்."

மறு வியாழக்கிழமை காலை ஜெகா போய்ச் சேர்ந்தாள். பத்து கந்தோங் என்னும் இடத்துச் சுடுகாட்டில், வாய்க்கரிசி போடும்போது ஓரமாக நின்ற பிலோமினாவைச் சிந்துஜா கை பிடித்து இழுத்து வந்தாள். அரிசியைப் போட்டுவிட்டு, பழக்கத்தில் அவள் ஜெகாவின் நெற்றியில் விரலால் சிலுவை வரைந்துவிட்டாள். திருநீற்றின் மேல் லேசாக ஒரு கோடு விழுந்தது. சிந்துஜா அதை அப்படியே விட்டாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. பிலோமினா ஆல்வினின் கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது சிந்துஜா இரண்டு மெழுகுவர்த்தியோடு வந்து நின்றாள்.

"அம்மாவைக் கடல்ல கரைச்சிட்டோம், ஆன்டி. ஏத்துறதுக்கு எடமில்ல. இங்க, அண்ணன் பக்கத்துல ஏத்தலாமா?"

"ஏத்து கண்ணு."

காற்று படாமல் இருவரும் கையால் மறைத்து ஏற்றினார்கள்.

"அம்மா இளவயசுல எப்படி இருந்தாங்க?" என்று சிந்துஜா கேட்டாள்.

பிலோமினா சேலையை ஒதுக்கிக்கொண்டு புல்லில் உட்கார்ந்தாள். "உங்கம்மாவா? பெரிய வாயாடி லா" என்று ஆரம்பித்தாள்.